புரிஞ்சுது மிஸ்

தலைமையாசிரியை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "இந்த வருஷம் உங்க கைக்குக் கீழ ஒரு பயிற்சி ஆசிரியை வர்றாங்க. கணக்கு, அறிவியல் ரெண்டும். யாருன்னு பாருங்க, தெரிஞ்சவங்களாத்தான் இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். பார்த்தேன். என் நாத்தனார்.

தாளைத் திருப்பித் தள்ளினேன். "மேடம், இவங்க என் வீட்டுக்காரரோட அக்கா" என்றேன்.

"தெரியுமே. அதனால என்ன? மார்க் போடப்போறது நீங்க இல்ல, வெளியிலேருந்து எக்ஸ்டர்னல் வருவாரு. நீங்க கூட இருந்து பழக்கி விடுங்க, தப்பு பண்ணா திருத்துங்க. சொந்தக்காரங்கன்னா இன்னும் நல்லாக் கேட்டுக்குவாங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்" என்றேன். ஒரு மண்ணும் புரியவில்லை. தம்பி பெண்டாட்டி திருத்தினால் நாத்தனார் நன்றாகக் கேட்டுக்கொள்வாள் என்று எந்த உலகத்தில் எழுதி வைத்திருக்கிறது?

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர். நகரத்துத் தண்ணீர் முழுவதும் அவர் கண்ணாடிக் குழாய் வழியாகத்தான் நம் வீட்டுக்கு வருகிறது என்பது போலப் பேசுவார். கணவரோடு எப்போதோ கணக்கைத் தீர்த்துக்கொண்டு தனியாக இருந்தவர். பரிசோதனைக் கூடத்தில் ஆளுக்குப் பதிலாக இயந்திரம் வந்ததும் வேலை போயிற்று. "ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன்டா" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு எங்கள் வீட்டு ஹாலுக்கு வந்தவர், அதன்பின் அந்த மாசத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நகரப் பள்ளிகளில் கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. வருகிறவர்களும் முதல் பருவம் முடிவதற்குள் தலை தெறிக்க ஓடிவிடுகிறார்கள். அதனால்தான் வேறு வேலை பார்த்தவர்களையும் எடுத்து, ஒரு வருடம் பள்ளியிலேயே வைத்துப் பழக்கி, ஒரே ஒரு தேர்வுப் பாடம் நடத்தச் சொல்லி, தேறினால் வேலை கொடுக்கிறார்கள். அண்ணிக்கு அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். இந்த ஒரு பாடத்தில் தவறினால், பிறகு தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் வேலை கிடையாது. அவருக்கு வேலை, வேலை கிடைத்தால் தனி வீடு. எனக்கு என் ஹால். இதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? அவர் தேற வேண்டும் என்று அவரைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன்.

வீட்டில் அவர் ராஜ்யம். "வெங்காயத்தை இப்படியா நறுக்குவே? வழியில போறவன் வந்து நறுக்கின மாதிரி இருக்கு" என்பார். பள்ளியில் என் ராஜ்யம். சிக்கல் என்னவென்றால் இரண்டுக்கும் நடுவில் ஒரு பேருந்து இருந்தது. வீட்டு வாசல்வரை நான் "நீ", பள்ளி வாசல் தாண்டியதும் "மேடம்". பேருந்தில் நான் யார் என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. அதனால் பேசாமல் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனோம்.

"ரெண்டு பேரும் எனக்கு ஒண்ணுதான்" என்று என் வீட்டுக்காரர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். சாமர்த்தியசாலி. வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்ப்பவர். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, உருளும் நாற்காலியில் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் வெளியே வீடு இடிந்து விழுந்தாலும் அவருக்குத் தெரியாது.

எங்கள் வகுப்பறை மூன்றாவது மாடியில். ஜன்னலுக்கு நேரே ரயில் பாலம். ரயில் போகும்போது யார் பேசினாலும் கேட்காது. வாயைத் திறந்தவர் திறந்தபடி நிற்க வேண்டும், ரயில் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர வேண்டும். இதற்கே ஒரு தனிப் பயிற்சி வேண்டும். மேசைக்குப் பின்னால் ஆசிரியர் நாற்காலி ஒன்று. அதற்குக் கால் மூன்றரை.

முதல் நாள் அண்ணி பின்னங்களின் வகுத்தல் நடத்தினார். நான் கடைசி பெஞ்சில். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையோடு பேச ஆரம்பித்தார். "ஒரு பின்னத்தால வகுக்கணும்னா அதைத் தலைகீழாக்கிப் பெருக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மிஸ்ஸ்ஸ்!" என்றது வகுப்பு.

"மேல இருக்கறது கீழ, கீழ இருக்கறது மேல. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மிஸ்ஸ்ஸ்!"

எனக்குப் பக்கத்தில் இருந்தவனை நாங்கள் ரேடியோ என்போம். நிறுத்தவே முடியாது. அவன் காலுக்கடியில் ஒரு பந்தை உருட்டிக்கொண்டே எல்லோரையும்விடச் சத்தமாக "புரிஞ்சுது" சொன்னான். முன்னால் ஓரத்தில் ஒரு பெண். அவளுக்குப் பெயரே ஜன்னல். வருடம் முழுக்க வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை. அவள்கூட உதட்டை மட்டும் "புரிஞ்சுது" என்று அசைத்துவிட்டு மறுபடி ரயில் பாலத்தைப் பார்த்தாள்.

மணி அடித்ததும் அண்ணி முகம் பூரித்து என்னிடம் வந்தார். "என்னமோ நகரத்துப் பசங்க அடங்க மாட்டாங்கன்னு பயமுறுத்தினியே... மேடம். அத்தனை பேருக்கும் புரிஞ்சு போச்சு!"

"அண்ணி..." என்று ஆரம்பித்து, "டீச்சர்" என்று மாற்றிக்கொண்டேன். "நாளைக்கு ஒண்ணு பண்ணுங்க. ரெண்டும் ரெண்டும் அஞ்சுன்னு சொல்லிட்டு, புரிஞ்சுதான்னு கேளுங்க."

"உனக்குக் கிறுக்கா?"

"மேடம்."

"உங்களுக்குக் கிறுக்கா, மேடம்?"

மறுநாள் சொல்லித்தான் பார்த்தார். நடுப்பாடத்தில், மூச்சு விடாமல், "அப்புறம் ரெண்டும் ரெண்டும் அஞ்சு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மிஸ்ஸ்ஸ்!"

நான் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்து பார்த்தபோது அண்ணி சாக்கட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். தண்ணீரில் விஷம் கலந்திருப்பதாகக் குழாய் காட்டியிருந்தால்கூட முகம் அப்படி வெளிறியிருக்காது. அன்றைக்குப் பேருந்தில் முதன்முறையாக என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார்.

"இவ்வளவு நாளும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"எல்லா ஸ்கூல்லயும் இப்படித்தான். புரிஞ்சுதான்னு கேக்கறது கேள்வியே இல்ல அண்ணி. கதவைத் தட்டினா திறக்கற மாதிரி, அதுவா வாயில வந்துடும்."

"அப்ப என்ன கேக்கறது?"

அந்தப் பேருந்தில்தான் நான் அவருக்கு மூன்று விஷயம் சொன்னேன். முதலாவது, "புரிஞ்சுதா" என்ற சொல்லே வகுப்பில் கூடாது. இரண்டாவது, "தானே" கூடாது. "இது முக்கால்தானே?" என்று கேட்டால் "ஆமா மிஸ்" என்றுதான் வரும். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பது கேள்வியா, கையெழுத்து வாங்குகிற வேலையா? மூன்றாவது, கேள்வி கேட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அண்ணிக்கு அந்த மூன்றாவதுதான் உயிர் போகிற விஷயம். கேள்வியும் அவரே, பதிலும் அவரே, சபாஷும் அவரே.

"சும்மா நிக்கறப்ப கை காலெல்லாம் உதறுதே" என்றார்.

"கையைக் கட்டிக்குங்க. சுவத்துல சாஞ்சுக்குங்க. தாங்க முடியற வரைக்கும் இருங்க. தாங்க முடியாமப் போனப்புறம் இன்னும் கொஞ்ச நேரம் இருங்க."

"நீ வீட்டுல என்கிட்ட அப்படித்தான் இருக்கியா?" என்று கேட்டார். ரயில் பாலம் எங்கள் தெருவரை வந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது.

அவருக்கு ஒரு குணம் உண்டு. ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடி. "புரியல" என்று சொல்ல யாரும் பயப்படக் கூடாது, சொன்னால் பரிசு கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். என்ன பரிசு? ஒரு காலையில் எழுந்து பார்த்தால் என் வீட்டுக்காரர் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து கணினியைத் தட்டிக்கொண்டிருக்கிறார். அவருடைய உருளும் நாற்காலியைக் காணோம்.

"அக்கா எடுத்துட்டுப் போயிடுச்சு" என்றார் பாவமாக.

"நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"ரெண்டு பேரும் எனக்கு..."

"ஒண்ணுதான். தெரியும். அந்த முக்காலியும் ஒண்ணுதான் இருக்கு, பார்த்து உக்காருங்க."

அந்த நாற்காலியை அண்ணி பேருந்தில் ஏற்றி, நடத்துனரோடு சண்டை போட்டு, மூன்று மாடி தூக்கிக் கொண்டுபோய் வகுப்பில் வைத்துவிட்டார். விதி இதுதான்: யார் எழுந்து "புரியல" என்று சொல்கிறார்களோ அவர்கள் அந்த நாற்காலியில் உட்காரலாம். பதில் கிடைக்கும்வரை எழுந்திருக்க வேண்டாம். ஒரு சுற்றும் சுற்றி விடுவார்.

முதல் வாரம் ஒரே கூத்து. "மிஸ், எனக்கு உங்க கையெழுத்தே புரியல." "மிஸ், ஏன் ஸ்கூல் வர்றோம்னே புரியல." ரேடியோ தினம் நாலு தடவை நாற்காலியில் ஏறினான். கடைசியில் அண்ணி விதியை இறுக்கினார். "புரியலன்னா மட்டும் போதாது. எது புரியல? அதைச் சொல்லு. சொன்னாத்தான் நாற்காலி." அதற்குப் பிறகுதான் வேலை ஆரம்பித்தது. எது புரியவில்லை என்று சொல்வதற்குப் பாதி புரிந்திருக்க வேண்டுமே! பிள்ளைகள் நாற்காலி ஆசையில் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார்கள். நான் இத்தனை வருடம் நடத்திய வகுப்பில் அப்படி ஒரு நெற்றிச் சுருக்கத்தைப் பார்த்ததில்லை. எனக்கு லேசாக எரிச்சல்கூட வந்தது. பழக்கி விட வந்தவள் நான். என் பாடத்துக்கு யாரும் நாற்காலி கேட்கவில்லை.

ஜன்னல் மட்டும் ஒருநாளும் கையைத் தூக்கவில்லை. அண்ணி அவளை வற்புறுத்தவும் இல்லை.

நாற்காலியோடு நிற்கவில்லை. "பின்னத்தைக் கண்ணால பாக்கணும்" என்று என் சமையலறைக்குள் புகுந்தார். என்னிடம் ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி ஜாடிகள் உண்டு. மேலிருந்து கீழ்வரை நேராக, ஒவ்வொன்றும் சரியாக முக்கால் லிட்டர். ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் உப்பு. இரண்டையும் காகிதத்தில் கொட்டிவிட்டு ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். சாயங்காலம் கொண்டுவந்து திரும்ப நிரப்புவார். ஒருநாள் காலையில் டீயை வாயில் வைத்தேன். கடல்.

"அண்ணி! தண்ணியை ருசி பாத்தே குறை சொல்றவங்க நீங்க. உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"பரிசோதனைக் கூடத்துல எதையும் வாயில வெச்சுப் பாக்கக் கூடாதும்மா. அதான் பழக்கம்" என்றார், கொஞ்சமும் அசையாமல்.

தினமும் அந்த ஜாடிகளைத் துணியில் சுற்றி, பையில் போட்டு, உடையாமல் இருக்க நான் ஒரு பக்கம் அவர் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு பேருந்தில் நின்றோம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இதைச் சொன்னபோது அண்ணி விழுந்து விழுந்து சிரித்து, மறுநாள் அதையே வகுப்பில் கணக்காகக் கொடுத்துவிட்டார்.

தேர்வுப் பாடத்தன்று இரண்டே ஜாடிகளை நான் மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன். தேர்வாளர் ஒல்லியான மனிதர். கடும் ஜலதோஷம். மூக்கைத் துடைத்தபடி என் பக்கத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முன்னால் நின்ற உருளும் நாற்காலியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தேன்.

அண்ணி அருமையாக ஆரம்பித்தார். மூன்று லிட்டர் தண்ணீர், அரை லிட்டர் பாட்டில்கள், எத்தனை நிரப்பலாம் என்று கேட்டார். கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். பிள்ளைகள் ஊற்றிப் பார்த்து ஆறு என்றார்கள். "வகுத்தா குறையணுமே, ஏன் கூடுச்சு?" என்று கேட்டார். மறுபடி சாய்ந்தார். "பாட்டில் சின்னதாச்சே மிஸ்" என்றான் ரேடியோ. தேர்வாளர் தலையை ஆட்டினார். எனக்கு உயிர் வந்தது. ஹாலில் சோபாவை எந்தப் பக்கம் போடலாம் என்றுகூட ஒரு கணம் யோசித்துவிட்டேன்.

கடைசிக் கணக்கு: ஒரு லிட்டர் தண்ணீரை முக்கால் லிட்டர் ஜாடிகளில் ஊற்றினால் எத்தனை ஜாடி? பலகையில் போட்டார்கள். தலைகீழாக்கிப் பெருக்கினால் ஒன்றும், மூன்றில் ஒன்றும். ரேடியோ அளவுக் கோடுகள் போட்ட லிட்டர் குவளையிலிருந்து என் சர்க்கரை ஜாடியை நிரப்பினான். குவளையில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. அதற்குள் நேரமாகிவிட்டது.

தேர்வாளர் எழுந்தார். நல்ல மனசோடுதான் கேட்டார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பழக்கம். "ரொம்ப நல்லாருந்துது. என்ன பிள்ளைங்களா, எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

"புரியலைஐஐஐ!"

மொத்த வகுப்பும். கையைத் தூக்கிக்கொண்டு, கண்ணெல்லாம் நாற்காலி மேல், சிரித்த முகத்தோடு. கட்டடமே அதிர்ந்தது. அடுத்த நொடியே ரயில் வந்தது. பாழாய்ப்போன ரயில், ஒரே ஒரு நொடி முன்னால் வந்திருக்கக் கூடாதா! அது போய் முடிகிறவரை தேர்வாளர் வாயைத் திறந்தபடி நின்றார். அண்ணி என்னைப் பார்த்தார். ஒரு வருட உழைப்பு, ஹால், சோபா எல்லாம் அந்தப் பாலத்தின் மேல் போவது எனக்குத் தெரிந்தது. அண்ணியின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. ஐயோ பாவமே என்று இருந்தது எனக்கு. சத்தியமாக அந்த நேரத்தில் ஹால் ஞாபகம் வரவில்லை.

"புரியலையா?" என்றார் தேர்வாளர், ரயில் போனதும். "ஒருத்தருக்குமா?"

நான் எழுந்து ஏதாவது சமாளித்திருப்பேன். அதற்குள் அண்ணி மேசையை விட்டார். கொஞ்சம் தள்ளிப்போய்ச் சுவரில் சாய்ந்தார். கையைக் கட்டிக்கொண்டார். "எது புரியல?" என்று கேட்டார்.

யாரும் பேசவில்லை. ரேடியோகூட. தேர்வாளர் மூக்கை உறிஞ்சினார். தாங்க முடியவில்லை. அதற்கப்புறமும் அண்ணி வாயைத் திறக்கவில்லை.

ஜன்னல் எழுந்து நின்றாள்.

"மிஸ்" என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "போர்டுல மிச்சம் மூணுல ஒண்ணுன்னு இருக்கு. ஆனா குவளையில கோட்டைப் பாத்தா மிச்சம் கால் லிட்டர்தான். ரெண்டுல எது பொய்?"

எனக்குப் பதில் தெரியும். நாக்கின் நுனியில் நின்றது. சொல்லாமல் இருக்கப் பெஞ்சின் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணிக்கும் தெரியும். அவரும் சொல்லவில்லை. குவளையையும் காலியாக இருந்த என் உப்பு ஜாடியையும் அவள் பக்கம் நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான்.

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். மிச்சத் தண்ணீரை ஜாடியில் ஊற்றினாள். குனிந்து, கண்ணை ஜாடிக்கு நேராக வைத்து, விரலால் அடியிலிருந்து அளந்தாள். "இன்னும் இதே மாதிரி ரெண்டு தடவை ஊத்தினா ரொம்பிடும்" என்று தனக்குத்தானே சொன்னாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "மிஸ்! ரெண்டும் பொய் இல்ல மிஸ்! லிட்டர்ல பாத்தா கால். ஜாடியில பாத்தா மூணுல ஒண்ணு. கேள்வி எத்தனை ஜாடின்னுதான் மிஸ்!"

"ஓஓஓ" என்றது வகுப்பு. இந்த "ஓ" வேறு. இதை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது.

தேர்வாளர் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து முன்னால் போனார். அவரும் குனிந்து ஜாடியைப் பார்த்தார். விரலை வைத்து அவரும் அளந்தார். "அது சரி" என்று முணுமுணுத்தார். "அப்ப தலைகீழாக்கினா மட்டும் எப்படிச் சரியா வருது? காலமெல்லாம் தலைகீழாக்கிட்டுத்தான் இருக்கேன். ஏன்னு கேட்டா எனக்கும்தான் புரியல."

சொல்லியிருக்கக் கூடாது. அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்ததுதான் தாமதம், "சார் புரியலன்னு சொல்லிட்டாரு! எது புரியலன்னும் சொல்லிட்டாரு!" என்று கத்திக்கொண்டே ரேடியோ நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து அவர் முழங்காலுக்குப் பின்னால் இடித்தான். தேர்வாளர் தொப்பென்று உட்கார்ந்தார். வகுப்பு கைதட்டியது. அண்ணி என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது தேர்வாளர் ஒரு சுற்று சுற்றி முடித்து, கைக்குட்டையால் மூக்கை மறைத்துக்கொண்டிருந்தார். ஜலதோஷமா சிரிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"அதுதான் சார் நாளைக்குப் பாடம்" என்றார் அண்ணி. "வர்றீங்களா?"

தேறிவிட்டார். தலைமையாசிரியை எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். "நகரத்தோட அந்தக் கோடியில ஒரு ஸ்கூல். கணக்குக்கு ஆளே இல்ல. அடுத்த வாரமே சேரணும். பக்கத்துலயே வீடு பாத்துக்குங்க, இங்கேருந்து போய் வர முடியாது. புரிஞ்சுதா?"

நானும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "எந்த பஸ்ஸுன்னு மட்டும் புரியல மேடம்" என்றார் அண்ணி.

கிளம்புகிற அன்று ஹாலில் இரண்டு பெட்டிகள் கட்டித் தயாராக நின்றன. உருளும் நாற்காலி வீடு திரும்பியிருந்தது. என் வீட்டுக்காரர் அதை ஹாலுக்கே கொண்டுவந்து, இழந்த சொத்து கிடைத்த சந்தோஷத்தோடு அதில் சாய்ந்திருந்தார். நான் இரண்டு ஜாடிகளையும் துணியில் சுற்றி அண்ணியின் பையில் வைத்தேன்.

"அடியேய், உன் சர்க்கரை ஜாடி" என்றார் அண்ணி.

"உப்பு ஜாடியும்தான். எடுத்துட்டுப் போங்க. நான் வேற வாங்கிக்கறேன்."

அவர் பையின் வாயைக் கட்டினார். கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினார். என்னைப் பார்க்காமலே, "ஒருவழியா உன் ஹால் உனக்கு வந்தாச்சு. நான் போறது உனக்கு நிம்மதிதானே?" என்றார்.

"'தானே' போடாதீங்க அண்ணி. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

அவர் பையைக் கீழே வைத்தார். கொஞ்சம் யோசித்தார். "சரி. நான் போறது உனக்கு எப்படி இருக்கு?"

கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டார்.

நான் ஹால் ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன். எங்கள் தெருவில் ரயில் கிடையாது. வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் காதில் மாட்டுவதைத் தேடிக்கொண்டிருந்தார். அண்ணி அசையவில்லை. படுபாவி, நான் சொல்லிக் கொடுத்ததை ஒன்று விடாமல் செய்தார். தாங்க முடிகிறவரை இருந்தார். தாங்க முடியாமல் போன பிறகும் இருந்தார்.

"புரியல" என்றேன்.

"எது புரியல?"

"பஸ்ஸுல பக்கத்துல யாரு உக்காருவாங்கன்னு புரியல. வெங்காயம் நறுக்கினா யாரு குறை சொல்லுவாங்கன்னு புரியல. வீட்டை விட்டுப் போனாப் போதும்னு வேண்டிக்கிட்ட எனக்கு, இப்ப ஏன் அழுகை வருதுன்னு சுத்தமாப் புரியல, போதுமா?"

அண்ணி மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு தம்பி பக்கம் திரும்பினார்.

"எழுந்திருடா" என்றார்.

"அக்கா, இப்பத்தான் வந்துச்சு..."

"எழுந்திருன்னா எழுந்திரு."

அவர் எழுந்தார். அண்ணி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினார். நான் உட்கார்ந்தேன். ஒரு சுற்று சுற்றி விட்டார்.